சூப்பர் ஜீப் (ஐஸ்லாந்து)

சூப்பர் ஜீப் என்பது, பனிப்பாறைகளிலும் ஆழமான பனியிலும் பாலமற்ற ஆறுகளிலும் பயணம் செய்வதற்காக ஐஸ்லாந்து நாட்டில் மாற்றி அமைக்கப்படும் நான்கு சக்கர இயக்க ஊர்திகளைக் குறிக்கும் பெயராகும். சாதாரணமாக விற்பனைக்கு வரும் பிக்கப் சரக்குந்துகள், பெரிய பயணிகள் தானுந்துகள், வேன்கள் ஆகியவற்றை வாங்கி, அவற்றின் சக்கரம், உடற்பகுதி, தொங்கமைப்பு, பற்சக்கரங்கள் முதலியவற்றை மாற்றியே இவை உருவாக்கப்படுகின்றன. 38 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுடைய அகன்ற டயர்களும், அவற்றை மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும் முறையும் இவ்வூர்திகளின் சிறப்பியல்புகள் ஆகும். ஜீப் வகை ஊர்தியை ஐஸ்லாந்து மொழியில் யெப்பி என்பர்.

பிற நாடுகளில் சாலைசாராப் பயணத்துக்காக மாற்றப்படும் ஊர்திகள் பெரும்பாலும் பாறை, சேறு, மணல் ஆகியவற்றைக் கடக்கும் வலிமையை நோக்கமாகக் கொண்டவை. ஐஸ்லாந்து முறையின் நோக்கம் வேறானது. ஊர்தி தரையை எவ்வளவு மென்மையாக அழுத்துகின்றது என்பதே இதில் முதன்மையானது. ஏனைய மாற்றங்கள் யாவும் இந்த ஒரு நோக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பவையே.

புவியியற் பின்னணி

ஐஸ்லாந்தின் பரப்பளவு ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர் ஆகும். மக்கள்தொகை நான்கு இலட்சத்துக்கும் குறைவு. மக்கள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டியே வாழ்கின்றனர். தீவின் நடுப்பகுதி, மேட்டுநிலம் எனப்படும் குடியிருப்பற்ற எரிமலைப் பாலைநிலம் ஆகும். நாட்டின் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பனிப்பாறைகளால் மூடப்பட்டுள்ளது. இவற்றுள் மிகப்பெரியது வட்னயோகுல். லாங்யோகுல், ஹோஃப்ஸ்யோகுல், மிர்டால்ஸ்யோகுல் ஆகியவை ஏனைய பெரிய பனிப்பாறைகள் ஆகும்.

இந்நாட்டில் பொதுப் பயன்பாட்டுக்கான தொடர்வண்டிப் பாதை கிடையாது. தீவைச் சுற்றிவரும் வட்டச்சாலையும் 1974 ஆம் ஆண்டிலேயே முழுமை பெற்றது. மேட்டுநிலத்தின் பாதைகள் எஃப் என்ற எழுத்துடன் எண்ணிடப்பட்டவை. மலை என்று பொருள்படும் ஐஸ்லாந்துச் சொல்லின் முதல் எழுத்து இது. இப்பாதைகளில் நான்கு சக்கர இயக்க ஊர்திகள் மட்டுமே செல்லலாம். குளிர்காலத்திலும், பனி உருகி மண் சேறாகும் காலத்திலும் இவை மூடப்பட்டிருக்கும். பல ஆறுகளுக்குப் பாலம் இல்லை. ஆற்றில் இறங்கியே அக்கரைக்குச் செல்ல வேண்டும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஆம் ஆண்டு மே மாதம் பிரித்தானியப் படைகள் ஐஸ்லாந்தில் இறங்கின. 1941 இல் அமெரிக்கப் படைகள் வந்தன. அவர்கள் கொண்டுவந்த ஜீப்களும் டாட்ஜ் சரக்குந்துகளும் போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்தன. உழவர்கள் இவற்றைப் பண்ணை வேலைக்கும் ஆடு மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்வதற்கும் பயன்படுத்தினர். அடுத்த பதின்மங்களில் பிரித்தானிய லேண்ட் ரோவர், சோவியத் நாட்டின் காஸ்-69, அமெரிக்க ஃபோர்டு பிராங்கோ ஆகியவை பரவின.

கோடையில் மேட்டுநிலத்தைக் கடக்க இவ்வூர்திகள் போதுமானவையாக இருந்தன. ஆனால் குளிர்காலத்தில் ஆழமான பனியில் இவை புதைந்துவிடும். அப்போது பட்டைச் சங்கிலியில் ஓடும் பனி ஊர்திகளே பயன்பட்டன. அவை விலை கூடியவை, சாலையில் ஓட்ட இயலாதவை.

1980களில் இந்நிலை மாறியது. அமெரிக்காவில் சேற்றுநிலத்துக்கென உருவாக்கப்பட்ட பெரிய டயர்களை வாங்கிப் பொருத்திய ஆர்வலர்கள், அவற்றின் காற்றை மிகவும் இறக்கினால் ஊர்தி பனியின் மேலேயே செல்வதைக் கண்டனர். 1983 இல் நான்கு சக்கர இயக்க ஊர்திகளுக்கான பயணக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. வீட்டுக் கொட்டகைகளில் செய்யப்பட்ட மாற்றங்கள் காலப்போக்கில் முறையான தொழிலாக வளர்ந்தன. இத்துறையில் பெயர்பெற்ற ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம், 1990 இல் ஐஸ்லாந்தின் டொயோட்டா விற்பனை நிறுவனத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கிப் பின்னர் தனி நிறுவனமானது.

டயர் அழுத்தத்தின் அறிவியல்

ஒட்டகம் மணலில் புதையாமல் நடப்பதற்கு அதன் அகன்ற பாதமே காரணம். எடை மாறாதபோது, அது பரவும் பரப்பு கூடினால் தரையின் மீதான அழுத்தம் குறையும். சூப்பர் ஜீப்பின் டயரும் இவ்வாறே செயற்படுகின்றது.

காற்றடைத்த டயர் ஒன்று தரையில் பதியும் பரப்பு, தோராயமாக, அச்சக்கரம் தாங்கும் எடையை டயரின் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 2,400 கிலோகிராம் எடையுள்ள ஊர்தியில் ஒவ்வொரு சக்கரமும் 600 கிலோகிராம் தாங்குகின்றது எனக் கொள்வோம்.

- சாலையில் 28 பவுண்டு காற்று (சதுர அங்குலத்துக்கு): பதியும் பரப்பு ஏறத்தாழ 300 சதுர சென்டிமீட்டர். தரையின் மீதான அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம்.
- பனியில் 4 பவுண்டு காற்று: பதியும் பரப்பு ஏறத்தாழ 2,100 சதுர சென்டிமீட்டர். தரையின் மீதான அழுத்தம் ஏறத்தாழ 0.28 கிலோகிராம்.

70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் நடக்கும்போது அவரது முழு எடையும் ஒரு காலில் வருகின்றது. பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அழுத்தம் 0.35 கிலோகிராம் ஆகும். அதாவது, இரண்டரை டன் ஊர்தி மனிதரின் காலடியைவிடக் குறைவாகவே பனியை அழுத்துகின்றது. அதில் வந்தவர் இறங்கி நடந்தால் முழங்கால்வரை புதையக்கூடிய பனியிலும் அந்த ஊர்தி மேலே நிற்பதற்கு இதுவே காரணம்.

இக்கணக்கு ஓர் எளிமைப்படுத்தல் ஆகும். டயரின் பக்கச்சுவரும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால், உண்மையான பரப்பு இதைவிடக் குறைவாகவும், விளிம்புகளில் அழுத்தம் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். ஆகவே மெல்லிய, எளிதில் வளையும் பக்கச்சுவரை உடைய டயர்களே விரும்பப்படுகின்றன. பாறை நிலத்துக்கான தடித்த டயர்கள் இதற்குப் பொருந்துவதில்லை.

காற்று இறங்கும்போது டயரின் பதிவு அகலத்தைவிட நீளத்திலேயே மிகுதியாகக் கூடுகின்றது. இதனால் சக்கரம் பட்டைச் சங்கிலி போன்ற நீண்ட தடத்தைப் பெறுகின்றது. முன்னால் உள்ள பனியைத் தள்ளிக்கொண்டு செல்லாமல், அதன் மீது ஏறி அதை இறுக்கிச் செல்கின்றது. டயரின் விட்டம் பெரிதாக இருக்க வேண்டியதன் காரணமும் இதுவே. சிறிய டயரில் காற்றை இவ்வளவு இறக்கினால் ரிம் தரையைத் தொட்டுவிடும்.

மாற்றங்கள்

டயரும் ரிம்மும்

35, 38, 44 அங்குல விட்டங்கள் பரவலாக உள்ளவை. 35 அங்குலம் பொதுப் பயன்பாட்டுக்கும், 38 அங்குலம் குளிர்காலப் பயணத்துக்கும், 44 அங்குலமும் அதற்கு மேற்பட்டவையும் பனிப்பாறைப் பயணத்துக்கும் ஏற்றவை. சேற்றுக்கென உருவாக்கப்பட்ட டயர்கள் பனிக்கட்டியில் வழுக்கும். ஆகையால் அவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் வெட்டப்படுவதும், உலோக ஆணிகள் பதிக்கப்படுவதும் உண்டு. பின்லாந்தின் நோக்கியன் டயர் நிறுவனம் ஹக்கபெலீட்டா 44 என்ற பெயரில் இத்தகைய ஊர்திகளுக்கெனவே ஒரு பனி டயரைத் தயாரித்தது.

சாதாரண டயரின் விளிம்பை ரிம்மோடு சேர்த்துப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றழுத்தமே. 2 அல்லது 3 பவுண்டு அழுத்தத்தில் இப்பிடி தளர்ந்து, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். அல்லது ரிம் மட்டும் டயருக்குள் சுழலலாம். இதைத் தடுக்க, ரிம்மின் உட்புறத்தில் வரம்புகள் அமைத்தல், விளிம்பைப் பசையால் ஒட்டுதல், திருகாணிகள் கொண்ட இறுக்கு வளையத்தால் விளிம்பைப் பிணைத்தல் ஆகிய முறைகள் கையாளப்படுகின்றன.

உடற்பகுதியும் தொங்கமைப்பும்

பெரிய டயருக்கு இடம் கொடுக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, ஊர்தியை உயர்த்துதல். மற்றொன்று, சக்கர வளைவுகளை வெட்டி அகலப்படுத்துதல். முதலாவது எளிது. ஆனால் ஈர்ப்பு மையம் உயர்வதால் சரிவுகளிலும் வளைவுகளிலும் ஊர்தி கவிழும் வாய்ப்பு கூடுகின்றது. எனவே ஐஸ்லாந்தின் மாற்றுநர்கள் இயன்ற அளவு குறைவாகவே உயர்த்தி, சக்கர வளைவின் தகட்டை வெட்டி, மீண்டும் பற்றவைத்து, அதன்மேல் நாரிழை நெகிழியாலான அகன்ற மட்காப்பைப் பொருத்துகின்றனர். தேவைப்பட்டால் முன் அச்சு சற்று முன்னாலும் பின் அச்சு சற்றுப் பின்னாலும் நகர்த்தப்படுகின்றன. இதனால் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் கூடி, ஊர்தியின் நிலைப்பும் கூடுகின்றது.

தொங்கமைப்பில் நீண்ட அசைவுடைய சுருள்வில்களும் அதிர்வு தாங்கிகளும் சேர்க்கப்படுகின்றன. உறைந்து கரடுமுரடான பனியில் நெடுந்தொலைவு செல்லும்போது சாதாரண அதிர்வு தாங்கிகள் சூடேறிச் செயலிழந்துவிடக்கூடும்.

பற்சக்கர விகிதம்

டயரின் விட்டம் கூடும்போது, ஒரு சுற்றுக்கு ஊர்தி செல்லும் தொலைவும் கூடுகின்றது. 31 அங்குல டயருக்குப் பதிலாக 38 அங்குல டயரைப் பொருத்தினால், இது ஏறத்தாழ 23 விழுக்காடு கூடுதலாகும். இதன் விளைவாகச் சக்கரத்தின் இழுவிசை குறையும். வேகமானியும் பிழையாகக் காட்டும். அது மணிக்கு 80 கிலோமீட்டர் என்று காட்டும்போது உண்மை வேகம் 98 கிலோமீட்டராக இருக்கும்.

இழந்த இழுவிசையை மீட்க, டிஃபரன்சியலின் பற்சக்கரங்கள் மாற்றப்படுகின்றன. தொடக்க விகிதம் 4.1 எனில், 38 அங்குல டயருக்கு அது ஏறத்தாழ 5.0 ஆக இருக்க வேண்டும். முன், பின் அச்சுகள் இரண்டிலும் ஒரே விகிதம் இருத்தல் இன்றியமையாதது. வேறுபட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து உடையும்.

டிஃபரன்சியல், இரு பக்கச் சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் அமைப்பாகும். ஒரு சக்கரம் வழுக்கினால், சுழற்சி முழுவதும் அதற்கே சென்று ஊர்தி நின்றுவிடும். இதற்காக இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்பு இரு அச்சுகளிலும் பொருத்தப்படுகின்றது.

ஆழமான பனியில் மிக மெதுவாகச் செல்லும் தேவை ஏற்படும். பொறி நிமிடத்துக்கு 800 சுற்றுகளில் இயங்கும்போது, மொத்தப் பற்சக்கரக் குறைப்பு 50 மடங்காக இருந்தால், 38 அங்குல டயருடைய ஊர்தி மணிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். இதுவும் மிகுதி எனக் கருதப்படும் இடங்களுக்காகக் கூடுதலாக ஒரு குறைப்புப் பெட்டி சேர்க்கப்படுவதுண்டு. அது வேகத்தை மேலும் 2.5 மடங்கு குறைத்தால், ஊர்தி மணிக்கு 1.2 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரம் வழுக்காமல் ஊர்ந்து செல்லும். வழுக்கும் சக்கரம் தன் கீழுள்ள பனியைத் தோண்டித் தானே புதைகின்றது என்பதால், வேகத்தைவிட இவ்வூர்தலே பெரிதும் மதிக்கப்படுகின்றது.

காற்று அமைப்பு

டயர் அழுத்தம் ஒரே பயணத்தில் பலமுறை மாற்றப்பட வேண்டியது. பனியில் இறக்கிய காற்றை நிரப்பாமல் தார்ச்சாலையில் வேகமாகச் சென்றால், பக்கச்சுவர் இடைவிடாது மடங்கிச் சூடேறி டயர் அழிந்துவிடும். ஆகவே கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தியை ஊர்தியிலேயே பொருத்துகின்றனர். சில ஊர்திகளில் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் சுழலும் இணைப்பு ஒன்று வைக்கப்பட்டு, உடற்பகுதியிலிருந்து அதற்குக் குழாய் செல்கின்றது. ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே, ஊர்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் இது உதவுகின்றது.

ஆற்றைக் கடப்பதற்கான ஏற்பாடுகள்

பொறியின் உருளைக்குள் நீர் புகுந்தால், அது காற்றைப் போல் அமுங்காது என்பதால், இணைப்புத் தண்டு வளைந்து பொறி பாழாகும். இதைத் தவிர்க்கக் காற்று உள்ளிழுக்கும் குழாயின் வாய் கூரை உயரத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. சூடான அச்சுப்பெட்டி குளிர்ந்த ஆற்றுநீரில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்புகளின் வழியே நீரை உறிஞ்சும். எனவே அச்சுப்பெட்டி, பற்சக்கரப்பெட்டி ஆகியவற்றின் காற்றுத்துளைகள் குழாய் மூலம் உயரமான இடத்துக்கு நீட்டப்படுகின்றன. இம்மாற்றத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்யாவிட்டால் ஏற்படும் சேதமோ பெரிது.

பிற கருவிகள்

- கூடுதல் எரிபொருள் தொட்டி. மென்பனியில் எரிபொருள் செலவு சாலையில் ஆவதைவிடப் பலமடங்கு கூடக்கூடும்.
- வின்ச்சு எனப்படும் இழுபொறி, நீளும் தன்மையுள்ள இழுகயிறு, மண்வாரி, உயர் தூக்கி.
- செயற்கைக்கோள் இடங்காட்டி, வரைபடக் கணினி, வானொலித் தொடர்புக் கருவி.
- பனிப்புயலில் பயன்படும் கூடுதல் விளக்குகள்.
- டயர் பழுதுபார்க்கும் பொருட்கள், உதிரி அச்சுத்தண்டுகள், குளிருடைகள், உணவு.

பயணமுறை

தனி ஊர்தியாகப் பனிப்பாறைக்குச் செல்வது தவிர்க்கப்படுகின்றது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ ஊர்திகள் சேர்ந்தே செல்லும். முன்னால் செல்லும் ஊர்தி பனியை இறுக்கித் தடம் அமைக்கும். ஏனையவை அதே தடத்தில் பின்தொடரும். முன்னோடும் வேலை கடினமானது என்பதால் முறைவைத்து மாற்றிக்கொள்வர்.

காற்றை ஒரேயடியாக இறக்குவதில்லை. பனி கடினமாக இருந்தால் 10 முதல் 12 பவுண்டு போதும். ஊர்தி திணறத் தொடங்கினால் சிறிது சிறிதாக இறக்கி, கடைசியில் 2 அல்லது 3 பவுண்டு வரை செல்வர். அந்நிலையில் திடீரெனத் திருப்புவதோ, முடுக்குவதோ, வேகமாகச் செல்வதோ டயரைக் கழற்றிவிடக்கூடும். கழன்ற டயரை மீண்டும் ஏற்ற, ஊர்தியைத் தூக்கி, டயரைச் சுற்றிப் பட்டையால் இறுக்கி, காற்றை விரைவாகச் செலுத்துவர். எரியக்கூடிய வளிமத்தை டயருக்குள் தெளித்துத் தீமூட்டி, அதன் வெடிப்பால் டயரை ஏற்றும் முறையும் அறியப்பட்டதே. ஆனால் இது உயிருக்கு ஆபத்தானது.

பனிப்பாறை ஆறுகள் வெயிலில் உருகும் நீரால் பெருகுபவை. ஆகவே பிற்பகலிலும் மாலையிலும் நீர் கூடுதலாகவும், அதிகாலையில் குறைவாகவும் இருக்கும். நீர் கலங்கலாக இருப்பதால் அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது. தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கில் பாயும் குரோசவ் ஆறு இவ்வகையில் அபாயகரமானதாக அறியப்பட்டது. ஓர் ஆற்றின் ஆழமும் வழியும் ஒரே இரவில் மாறக்கூடும். நேற்று ஒருவர் கடந்த இடம் இன்றும் கடக்கத்தக்கது எனக் கொள்ளலாகாது.

வரம்புகளும் ஆபத்துகளும்

தரையழுத்தம் குறைவு என்பது எங்கும் செல்லலாம் என்று பொருள்படாது. பனிப்பாறையில் பனியால் மூடப்பட்ட ஆழமான பிளவுகள் உள்ளன. மேலுள்ள பனிப்பாலம் ஒரு மனிதரைத் தாங்கினாலும் ஊர்தியைத் தாங்காமல் போகலாம். இங்குச் சதுர சென்டிமீட்டருக்கான அழுத்தத்தைவிட ஊர்தியின் மொத்த எடையே முதன்மை பெறுகின்றது. ஆகையால் பிளவுகளைக் காட்டும் வரைபடங்களும், பாதுகாப்பானவை என அறியப்பட்ட வழித்தடங்களும் பயன்படுத்தப்படுகின்றன. பனியும் நீரும் கலந்த கூழ் நிலையில் மிதப்பு கிடைப்பதில்லை. அதில் புதையும் ஊர்தி இரவில் அப்படியே உறைந்துவிடவும் கூடும்.

ஒவ்வொரு மாற்றமும் வேறொன்றைப் பாதிக்கின்றது என்பதும் கருதத்தக்கது. பெரிய சக்கரம் எடை கூடியது; அதை நிறுத்த வலிமையான நிறுத்தி வேண்டும். ஆரம் கூடுவதால், அதே நிறுத்தி தரையில் தரும் விசை குறைந்துவிடுகின்றது. சக்கரத் தாங்கிகள், திசைமாற்றித் தண்டுகள், அச்சுத்தண்டுகள் ஆகியவற்றின் மீதான சுமை கூடுகின்றது. இவற்றை வலுப்படுத்தினால் எடை மேலும் கூடுகின்றது. எடை கூடினால் பனியில் மிதக்கும் தன்மை குறைகின்றது. அதை ஈடுசெய்ய இன்னும் பெரிய டயர் தேவைப்படுகின்றது. இச்சுழலை எங்கு நிறுத்துவது என்பதே மாற்றுநரின் திறமை ஆகும். கருவிகளை அளவின்றி ஏற்றிய பெரிய ஊர்தி புதையும் பனியில், எடை குறைந்த சிறிய ஊர்தி எளிதாகச் செல்வதும் உண்டு.

மாற்றப்பட்ட ஊர்தி சாலையில் ஓடுவதற்குத் தனி ஆய்வில் தேறி, மாற்றம் பதிவு செய்யப்பட வேண்டும். வேகமானியின் பிழை திருத்தப்பட்டிருத்தலும் இதில் அடங்கும்.

சட்டமும் சுற்றுச்சூழலும்

ஐஸ்லாந்தில் சாலைக்கும் குறிக்கப்பட்ட பாதைக்கும் வெளியே ஊர்தி ஓட்டுவது சட்டப்படி குற்றமாகும். 2013 ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்கின்றது. மீறுவோருக்குத் தண்டம் விதிக்கப்படுகின்றது. பனிப்பாறைகளிலும், நிலம் உறைந்து போதிய பனியால் மூடப்பட்டிருக்கும்போதும் மட்டும், இயற்கைக்குச் சேதம் நேராதவாறு ஓட்டுவதற்கு விலக்கு உண்டு.

இத்தடைக்கான காரணம் நிலத்தின் இயல்பிலேயே உள்ளது. எரிமலைச் சாம்பலால் ஆன மண் இலேசானது. அதை மூடியுள்ள பாசி மிக மெதுவாக வளர்வது, கோடையும் குறுகியது. ஒருமுறை விழுந்த சக்கரத்தடம் பல பதின்மங்கள் மறையாமல் இருக்கக்கூடும். பாசி கிழிந்த இடத்தில் காற்றும் நீரும் மண்ணை அரிக்கத் தொடங்குகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய மனிதக் குடியேற்றத்துக்குப் பின் காடுகளின் பெரும்பகுதியை இழந்த இத்தீவில் மண்ணரிப்பு நெடுங்காலச் சிக்கலாக இருந்து வருகின்றது.

ஆகவே, பாதையற்ற இடங்களுக்கென உருவாக்கப்பட்ட இவ்வூர்தி, கோடையில் பாதையை விட்டு விலகக் கூடாது. பாதையின் நடுவே சேறு இருந்தால் அதைச் சுற்றிப் போகாமல் அதனூடாகவே செல்ல வேண்டும். குளிர்காலத்தில் பனி நிலத்தைப் போர்த்திய பின்னரே அது எங்கும் செல்லும் உரிமையைப் பெறுகின்றது. வசந்தத்தில் பனி உருகும்போது அத்தடமும் உருகி மறைகின்றது. தரையை மெதுவாக அழுத்துதல் என்ற பொறியியல் நோக்கமும், தரையில் வடு விடாதிருத்தல் என்ற சட்ட நோக்கமும் இங்கு ஒன்றுபடுகின்றன. எனினும் குறைந்த அழுத்தமுள்ள டயர் பாசியைச் சிதைக்காது என்று எண்ணுவது தவறு. திரும்பும்போதும் வழுக்கும்போதும் சக்கரம் பக்கவாட்டில் இழுக்கின்றது. பாசியைக் கிழிப்பது பெரும்பாலும் அவ்விழுவையே.

பயன்பாடுகள்

மீட்புப் பணி

ஐஸ்லாந்துக்குத் தரைப்படை கிடையாது. மலையிலும் பனியிலும் சிக்கியவர்களைத் தேடி மீட்கும் பணியைத் தன்னார்வக் குழுக்களே செய்கின்றன. 1928 இல் தொடங்கிய கடல் விபத்து மீட்புச் சங்கமும் நிலப்பகுதி மீட்புக் குழுக்களின் அமைப்பும் 1999 இல் ஒன்றிணைந்து, நாடு தழுவிய மீட்பு அமைப்பு உருவானது. இக்குழுக்கள் பல சூப்பர் ஜீப்களை வைத்துள்ளன. பனிப்புயலால் வானூர்திகள் பறக்க இயலாதபோது இவையே விபத்து நடந்த இடத்தை அடையும் வழியாகின்றன.

அறிவியல் ஆய்வு

1950 இல் நிறுவப்பட்ட ஐஸ்லாந்துப் பனிப்பாறை ஆய்வுச் சங்கம், 1953 முதல் வட்னயோகுல் பனிப்பாறைக்கு ஆண்டுதோறும் வசந்தகாலப் பயணம் மேற்கொண்டு வருகின்றது. தொடக்கத்தில் பட்டைச் சங்கிலி ஊர்திகளை மட்டுமே நம்பியிருந்த இப்பயணங்களில் பின்னர் பெருஞ்சக்கர ஜீப்களும் சேர்ந்தன. பனியின் தடிப்பை அளத்தல், எரிமலைக் கண்காணிப்புக் கருவிகளைப் பேணுதல் முதலிய பணிகளுக்கு இவை உதவுகின்றன.

சுற்றுலா

ஓட்டுநருடன் கூடிய சூப்பர் ஜீப் பயணங்கள் சுற்றுலாத் தொழிலின் ஒரு பகுதியாகும். 2010 மார்ச் மாதம் எயாஃப்யாட்லயோகுல் அருகே எரிமலை வெடித்தபோது, மிர்டால்ஸ்யோகுல் பனிப்பாறையின் மீதாக ஏராளமானோர் இவ்வூர்திகளில் சென்று அதைக் கண்டனர்.

ஐஸ்லாந்துக்கு வெளியே

1990களின் பிற்பகுதியில் சுவீடனின் அண்டார்க்டிக்கா ஆய்வுப் பயணத்தில் ஐஸ்லாந்தில் மாற்றப்பட்ட ஊர்திகள் பயன்படுத்தப்பட்டன. பிரித்தானியாவின் டாப் கியர் தொலைக்காட்சி நிகழ்ச்சி 2007 இல், 38 அங்குல டயர் பொருத்திய டொயோட்டா ஹைலக்ஸ் ஊர்தியில், காந்த வடமுனை 1996 இல் இருந்த இடத்தை அடைந்த பயணத்தை ஒளிபரப்பியது.

இந்தியாவுக்கும் இதில் தொடர்பு உண்டு. 2010 நவம்பரில் இந்தியாவின் முதலாவது தென்முனை அறிவியற் பயணக்குழு, ரசிக் ரவீந்திரா தலைமையில், அண்டார்க்டிக்காவின் மைத்ரி ஆய்வு நிலையத்திலிருந்து தென்முனைக்குத் தரைவழியே சென்றது. அக்குழு பயணம் செய்தவை ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் மாற்றி அமைத்த ஊர்திகளாகும்.

தென்முனைப் பீடபூமியின் உலர்ந்த, மணல் போன்ற பனியிலும் ஐஸ்லாந்தில் கற்ற அதே பாடம் பயன்பட்டது. பட்டைச் சங்கிலி ஊர்திகளைவிட எடையும் எரிபொருள் செலவும் குறைந்த சக்கர ஊர்தி, டயர்க் காற்றை இறக்குவதன் மூலம் அங்கும் பனியின் மேலேயே செல்ல முடிந்தது.